பத்து நாள் சிஸ்டர்

அந்தத் தடுப்பூசி மையத்தில் சிஸ்டருடைய சொந்தப் பெயர் சம்பளப் பட்டியலில் மட்டும்தான் இருந்தது. வரிசையில் நிற்கிறவர்கள், வாசல் காவல்காரர், எதிர்ப்பக்கம் ஜெராக்ஸ் கடை வைத்திருப்பவர் என்று எல்லோருக்கும் அவள் ‘பத்து நாள் சிஸ்டர்’. அவள் காதில் விழும்படியே சொல்வார்கள். அவளும் கோபித்துக்கொண்டதில்லை. உள்ளுக்குள் கொஞ்சம் பெருமைதான்.

காரணம் இதுதான். சில நாடுகளுக்குள் காலெடுத்து வைக்க வேண்டுமென்றால் பாஸ்போர்ட், விசா மட்டும் போதாது. மஞ்சள் காய்ச்சல் ஊசி போட்டதற்கான மஞ்சள் அட்டையும் கையில் இருக்க வேண்டும். ஒரு தடவை போட்டால் ஆயுசுக்கும் போதும். ஆனால் போட்ட நாளிலிருந்து பத்து நாள் கழித்துத்தான் அட்டை செல்லும். இந்த விஷயத்தை ஜனங்கள் எப்போது தெரிந்துகொள்வார்கள் என்றால், விமானம் ஏற நாலு நாள் இருக்கும்போது. உடனே அடித்துப் பிடித்துக்கொண்டு சிஸ்டரிடம் வந்து நிற்பார்கள். தேதியை ஒரு வாரம் முன்னால் தள்ளிப் போட்டுக் கொடுக்கச் சொல்லிக் கெஞ்சுவார்கள். சிஸ்டர் தலையை நிமிர்த்தாமல் ஒரே பதில்தான் சொல்வாள்.

“பத்து நாள்னா பத்து நாள்.”

அந்தத் திங்கட்கிழமையும் அப்படி ஒருவர் வந்தார். வெல்டர். முன்கையெல்லாம் தீப்பொறி பட்ட தழும்பு. வெள்ளிக்கிழமை அவருக்கு விமானம், போய் இறங்கிய மறுநாள் வேலையில் சேர வேண்டும்.

“அக்கா, ஒரே ஒரு எண்ணை மாத்துனா போதும். பதினாலுன்னு இருக்கிறதை நாலுன்னு போடுங்க. யாருக்கு என்ன நஷ்டம்?”

“எனக்குத்தான் நஷ்டம். ராத்திரி தூக்கம் போயிடும். சட்டையை மடிச்சு விடுங்க.”

“வேலை போயிடும்க்கா.”

“கம்பெனிக்கு போன் போட்டு நடந்ததைச் சொல்லுங்க. வெல்டர் கிடைக்காம அவங்கதான் அலையிறாங்க, காத்திருப்பாங்க. இப்பவே போட்டுக்கிட்டா இன்னைக்கே கணக்கு ஆரம்பிச்சிடும். இங்க நின்னு என்கிட்ட மல்லுக்கட்டினா அதுவும் போகும். அடுத்த ஊசி வியாழக்கிழமைதான்.”

வெல்டர் முணுமுணுத்துக்கொண்டே தோளைக் காட்டினார். அவள் ஊசி போட்டு, அட்டையில் அன்றைய தேதியை எழுதி, சீலை நச்சென்று குத்திக் கொடுத்தாள். ‘கல் நெஞ்சு’ என்று அவர் வாசலில் சொல்லிவிட்டுப் போனதை ஆயா வந்து சொன்னாள். ஆயா அங்கே இருபது வருஷமாகக் கூட்டிப் பெருக்கி, பெட்டியில் ஐஸ் நிரப்பி, வரிசையை அதட்டி வைத்திருப்பவள். ஊர் வம்பு முழுக்க அவள் வழியாகத்தான் உள்ளே வரும்.

சொல்லிவிட்டுப் போகட்டும். சிஸ்டருக்கு அன்றைக்கு வேறு நினைப்பு. சனிக்கிழமை அவளுக்கே விமானம்.

அவளுடைய ஒரே மகள் கடல் தாண்டி இருக்கிறாள். முதல் பிரசவம். ரத்த அழுத்தம் ஏறிவிட்டது, பயணம் கூடாது என்று அங்கே டாக்டர் சொல்லிவிட்டார். அடுத்த வாரம் வெள்ளிக்கிழமை வயிற்றைக் கிழித்துக் குழந்தையை எடுப்பதாக நாள் குறித்திருந்தார்கள். மாப்பிள்ளைக்குக் கப்பலில் வேலை, நடுக்கடலில் இருந்தார், கரைக்கு வர இன்னும் ஒன்றரை மாதம். சிஸ்டரின் கணவர் போய்ச் சேர்ந்து ஏழு வருஷம். ஆக, ஆபரேஷன் அறை வாசலில் மகளுக்கென்று நிற்க இந்த உலகத்தில் ஒரே ஒரு ஆள்தான் பாக்கி.

டிக்கெட் போட்டாயிற்று, விசா வந்தாயிற்று, பெட்டிகூடக் கட்டி வைத்தாயிற்று. மஞ்சள் அட்டை மட்டும் எழுதவில்லை. அதற்கென்ன அவசரம்? ஊசி அவள் உடம்பில் பதினோரு வருஷத்துக்கு முன்னாலேயே ஏறிவிட்டது. பழைய பதிவேட்டைப் பார்த்துத் தேதியையும் பதிவு எண்ணையும் எழுதினால் அஞ்சு நிமிஷ வேலை. அட்டையும் சீலும் தன்னுடைய மேஜை இழுப்பறையிலேயே இருக்கும்போது யாராவது பதறுவார்களா?

மதியம் கூட்டம் ஓய்ந்ததும் இரும்பு அலமாரியைத் திறந்து அந்த வருஷத்துப் பதிவேட்டை எடுத்தாள். மாதம் ஞாபகமிருந்தது, கிழமைகூட ஞாபகமிருந்தது. நல்ல மழை. அஞ்சு பேருக்கான குப்பி ஒன்றை உடைத்துக் கலக்கிய பிறகு இரண்டே பேர்தான் வந்தார்கள். கலக்கிய மருந்து ஆறு மணி நேரத்துக்கு மேல் தாங்காது, கொட்ட வேண்டியதுதான். தங்கமான மருந்தைச் சாக்கடையில் ஊற்றுவானேன் என்று அன்றைக்கு இருந்த மருந்தாளுநர் ஒன்று, ஆயா ஒன்று, சிஸ்டர் ஒன்று என்று மூன்று பேரும் போட்டுக்கொண்டார்கள். மிச்ச மருந்து இருக்கும் நாளில் அங்கே வழக்கமே அதுதான்.

பக்கம் கிடைத்தது. இரண்டு பெயர்கள். கீழே அவளுடைய சொந்தக் கையெழுத்தில், குண்டு குண்டாக, அழகாக எழுதியிருந்தது: ‘போட்டது 2. வீண் 3.’

சிஸ்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடியும் பார்த்தாள். வீண் 3தான். முன் பக்கம், பின் பக்கம், மேலட்டையின் உள்பக்கம்கூடப் பார்த்தாள். அவள் பெயர் எங்கும் இல்லை. எப்படி இருக்கும்? பட்டியலில் இல்லாதவர்களுக்குப் போடக் கூடாது என்பது விதி. போட்டால் கணக்குக்கு மேலே பதில் சொல்ல வேண்டும். ‘வீண்’ என்று எழுதிவிட்டால் ஒருவரும் கேட்க மாட்டார்கள். அப்படித்தான் எல்லா மையத்திலும் எழுதுவார்கள், அவளும் அப்படித்தான் எழுதியிருந்தாள். அவள் உடம்புக்குள் போன மருந்தை அவள் கையே வீண் என்று எழுதி வைத்திருக்கிறது.



“என்ன சிஸ்டர், பேயைப் பார்த்த மாதிரி உக்கார்ந்திருக்கீங்க?” என்று ஆயா துடைப்பத்தோடு வந்தாள். விஷயத்தைக் கேட்டதும் ஆயாவுக்கு அது ஒரு பிரச்சினையாகவே படவில்லை.

“இதுக்கா? ஐஸ் பெட்டியில இன்னும் ஒரு ஊசி மிச்சம் இருக்கு. காலையில ஒன்பது பேருக்குத்தானே போட்டீங்க, ரெண்டு பாட்டில்ல ஒண்ணு மீதி. நாலு மணிக்குக் கொட்டத்தானே போறீங்க? போட்டுக்கிட்டு இன்னைக்குத் தேதி போட்டுக்கோங்க.”

“இன்னைக்குப் போட்டா அடுத்த வியாழக்கிழமைதான் செல்லும். சனிக்கிழமை எப்படிப் போறது?”

“சனிக்கிழமை போக வேணாம். டிக்கெட்டைத் தள்ளிப் போடுங்க. பாப்பாவுக்கு வெள்ளிக்கிழமைதானே? வியாழக்கிழமை போய் இறங்கிடலாம்.”

இதற்கு மேல் தெளிவாக ஒரு மனுஷி சொல்ல முடியாது. ஆனால் சிஸ்டருக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்துவிட்டது.

“எதுக்கு ரெண்டாவது ஊசி? உடம்புல இருக்கிற மருந்து என்ன பொய்யா? போட்டதை நீயே பார்த்திருக்க. உனக்குக் கை வீங்கி ரெண்டு நாள் லீவு போட்ட. மருந்தாளுநர் உயிரோடதான் இருக்காரு. ரெண்டு சாட்சி இருக்கு. நான் ஏன் பயந்துக்கிட்டுப் புதுசா போடணும்? முப்பது வருஷம் உழைச்சிருக்கேன், என் வார்த்தைக்கு இங்க மதிப்பில்லையா?”

நாலு மணி அடித்தது. சிஸ்டர் எழுந்து போய் அந்தக் கடைசி மருந்தைக் கழிவுப் பெட்டியில் போட்டாள். பதிவேட்டில் ‘போட்டது 9, வீண் 1’ என்று எழுதிக் கோடு போட்டாள். ஆயா தலையில் அடித்துக்கொண்டு வெளியே போனாள்.

செவ்வாய்க்கிழமை சிஸ்டரும் ஆயாவும் மருந்தாளுநர் வீட்டுக்குப் போனார்கள். ஓய்வு பெற்று நாலு வருஷமாகிறது. வாசலில் ஸ்கூட்டரைக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தார். சிஸ்டரைப் பார்த்ததும் வாயெல்லாம் பல். உட்காரச் சொன்னார், தண்ணீர் கொடுத்தார். பதினோரு வருஷத்துக்கு முன்னால், மழை நாள், மூன்று ஊசி என்று சிஸ்டர் ஆரம்பித்ததும் முகம் சுருங்கிவிட்டது.

“அப்படி ஒண்ணும் எனக்கு நினைவில்லையேம்மா.”

“என்ன சார் இப்படிச் சொல்றீங்க? உங்களுக்கு நான்தானே போட்டேன். வலிக்குதுன்னு கத்தினீங்க.”

“நினைவில்லைம்மா. அரசாங்க மருந்தை நாங்களே போட்டுக்கிட்டோம்னு நான் எப்படிக் கையெழுத்துப் போட முடியும்? நாளைக்கு ஒருத்தன் விசாரணைன்னு வந்து நிப்பான். எனக்கு இந்த வயசுல எதுக்கு?”

ஆயாவுக்குப் பொறுக்கவில்லை. “நல்லா இருக்கே நியாயம்! மருந்து மட்டும் வேணும், சாட்சி சொல்ல வேணாமா? ஸ்கூட்டருக்கு ஊத்துற தண்ணியை மூஞ்சியில ஊத்திக்கோங்க, நினைவு வரும்.”

அவர் ஸ்கூட்டர் பக்கம் திரும்பி, ஏற்கெனவே பளபளத்துக்கொண்டிருந்த கண்ணாடியைத் தேய்க்க ஆரம்பித்தார். திரும்பி வரும்போது பஸ்ஸில் சிஸ்டர் ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்தாள். அந்த ஆளுக்கு எத்தனை தடவை டீ வாங்கிக் கொடுத்திருக்கிறோம் என்று மட்டும் மனசு அசிங்கமாகக் கணக்குப் போட்டது.

புதன்கிழமை காலை முழுக்க போனில் போயிற்று. மேல் அலுவலகத்தில் ஒருத்தி எடுத்து இன்னொருத்தருக்கு மாற்றினாள். அவர் சாப்பிடப் போயிருந்தார், காலை பத்தரை மணிக்கு. மூன்றாவது தடவை ஒருவர் அகப்பட்டார். “எழுத்துல குடுங்க. முப்பது வேலை நாளுக்குள்ள பதில் வரும்.” முப்பது வேலை நாளில் குழந்தை குப்புறவே விழுந்துவிடும். விமானக் கம்பெனிக்குப் போட்டால் முக்கால் மணி நேரம் இசை. அப்புறம் ஒரு பெண் குரல், பதிவேடு என்றால் என்ன, அட்டை இருக்கா இல்லையா, இல்லாவிட்டால் ஏற்ற முடியாது என்று மனப்பாடமாகச் சொன்னது. சிஸ்டருக்கு அந்தக் குரல் எங்கேயோ கேட்ட மாதிரி இருந்தது. யோசித்துப் பார்த்தால், அது அவளே பேசுகிற மாதிரிதான் இருந்தது.

கடைசியில் மையத்தின் டாக்டரிடம் போனாள். முப்பத்தைந்து வயசிருக்கும், நல்ல பிள்ளை. யாருக்கும் இல்லை என்று சொல்லத் தெரியாது. அதனால்தான் ‘இல்லை’ சொல்லும் வேலையை சிஸ்டரிடம் விட்டிருந்தார்.

“ரத்தப் பரிசோதனை செஞ்சா உடம்புல எதிர்ப்புச் சக்தி இருக்கிறது தெரியுமே டாக்டர்?”

“தெரியும் சிஸ்டர். ஆனா அதை ஏர்போர்ட்ல ஒத்துக்க மாட்டாங்க. அட்டைதான் வேணும்.”

“விலக்குக் கடிதம்?”

“அறுபது தாண்டியிருந்தா ஏதாவது யோசிக்கலாம். உங்களுக்கு ஐம்பத்தெட்டு. முட்டை ஒத்துக்காதுன்னு எழுதட்டுமா? அந்த ஊசி முட்டையில வளர்க்கிறதுதானே.”

“தினம் மத்தியானம் உங்க முன்னாலதான் ரெண்டு முட்டை சாப்பிடறேன்.”

டாக்டர் சங்கடத்தோடு பதிவேட்டைத் தன் பக்கம் இழுத்துப் பார்த்தார். இரண்டு பெயர்களுக்குக் கீழே, ‘வீண் 3’க்கு மேலே, சரியாக ஒரு வரி காலியாக இருந்தது. அந்த வரியின் மேல் விரலை வைத்தார்.

“இடம் இருக்கே சிஸ்டர். உங்க பேரை எழுதிக்கோங்க. போட்டதை மூணாக்குங்க, வீணை ரெண்டாக்குங்க. நடந்ததைத்தானே எழுதறீங்க, பொய் இல்லையே. நான் கையெழுத்துப் போடறேன்.”

சொல்லிவிட்டு எழுந்து வெளியே போய்விட்டார். அவள் தனியாக எழுதட்டும் என்ற மரியாதை.

சிஸ்டர் பேனாவை எடுத்தாள். அதே நீல மை. நடந்ததுதான், சத்தியமாக நடந்ததுதான். மருந்து உள்ளே போனது நிஜம், எழுதியதுதான் பொய். பொய்யை அடித்துவிட்டு நிஜத்தை எழுதினால் அது எப்படிக் குற்றமாகும்? பேனா நுனி காகிதத்துக்கு ஒரு விரற்கடை தூரத்தில் நின்றது. அப்போது மகளிடமிருந்து போன்.

“அம்மா, கால் ரெண்டும் யானைக் கால் மாதிரி வீங்கிடுச்சு. செருப்பே ஏறல. சனிக்கிழமை நீ வந்திடுவதானே?”

மறைக்கத் தெரியாத சிஸ்டர் எல்லாவற்றையும் கொட்டினாள். பதிவேடு, ஆயா சொல்லியும் திங்கட்கிழமை கொட்டிய ஊசி, ஸ்கூட்டர், முப்பது வேலை நாள், காலியாக இருக்கும் வரி, எல்லாம்.

“எழுதிக்கோம்மா,” என்றாள் மகள். “நிஜமா போட்டதுதானே? எழுதிக்கோ. எனக்கு எழுதலையேன்னு நான் ஒண்ணும் நினைக்க மாட்டேன்.”

மகள் சாதாரணமாகத்தான் சொன்னாள். சிஸ்டருக்குத்தான் சுருக்கென்றது.

மூன்று வருஷத்துக்கு முன்னால், கல்யாணமாகி மூன்றாவது மாதம். மாப்பிள்ளைக்குக் கப்பலிலிருந்து மூன்று வாரம் விடுப்பு. மகளுக்குத் திடீரென்று விசா வந்தது, மறுநாளே கிளம்பலாம். ஊசி மட்டும் போட்டிருக்கவில்லை. இதே மேஜைக்கு முன்னால், மற்றவர்களோடு வரிசையில் வந்து உட்கார்ந்து, ‘தேதியைப் பத்து நாள் முன்னால தள்ளிப் போட்டுக் குடும்மா’ என்று கேட்டாள். பெற்ற மகள் என்றும் பார்க்காமல் சிஸ்டர் அதே பதில்தான் சொன்னாள். மகள் அழவில்லை. தோளைக் காட்டிக் குத்திக்கொண்டு, வீட்டில் பத்து நாள் காலண்டரைப் பார்த்துக்கொண்டு கிடந்தாள். போய்ச் சேர்ந்தபோது புருஷனுக்கு விடுப்பில் பாதி போயிருந்தது. அந்தப் பேச்சை அவள் அப்புறம் எடுத்ததே இல்லை. எடுக்காததால் மறந்துவிட்டாள் என்று சிஸ்டர் தனக்குத்தானே சொல்லிக்கொண்டிருந்தாள்.

“உனக்கு எழுதாததை எனக்கு எழுதிக்கிட்டா,” என்று சிஸ்டர் தடுமாறினாள், “அந்தப் பத்து நாளை உன்கிட்டயிருந்து நான் பிடுங்கிக்கிட்ட மாதிரி ஆயிடுமேடி.”

“அம்மா, எனக்கு இப்போ நியாயம் வேணாம். நீ வேணும். தனியா உள்ள போகப் பயமா இருக்கும்மா.”

“கண்ணு...”

“ஆயா சொன்னப்பவே திங்கட்கிழமை போட்டுக்கிட்டிருந்தா வியாழக்கிழமை வந்திருப்ப. அதையும் செய்யல. இதையும் செய்ய மாட்ட. உனக்கு உன் சீல்தான்மா பெருசு.”

போன் வைக்கப்பட்டது.

சிஸ்டர் பேனாவை மூடினாள். மூடியது நேர்மை என்று யாராவது சொன்னால் அவர்களை அடித்திருப்பாள். ஒரு மண்ணும் இல்லை, அவளுக்குக் கை வரவில்லை, அவ்வளவுதான். முப்பது வருஷமாக ஊரையே அழ வைத்த கை, தனக்கென்று வரும்போதும் வளைய மாட்டேன் என்றது. எவ்வளவு கோபம் வந்ததென்றால், யார் மேல் என்றே தெரியவில்லை. மருந்தாளுநர் மேலா, சட்டத்தின் மேலா, திங்கட்கிழமை நாலு மணிக்கு மருந்தைக் கொட்டிய அந்த மகா மேதாவியின் மேலா? டாக்டர் திரும்பி வந்து காலி வரியைப் பார்த்தார். பதிவேட்டை மூடி அலமாரியில் வைத்தார்.

வியாழக்கிழமை, முதல் குப்பியை உடைத்ததும் முதல் ஊசி சிஸ்டருக்குத்தான். டாக்டரே போட்டார். அட்டையை அவளே எழுதினாள், அன்றைய தேதி. பத்து நாள் கூட்டினால் ஞாயிற்றுக்கிழமை, குழந்தை பிறந்து இரண்டு நாள் கழித்து. டிக்கெட்டை மாற்றினாள். மகளுக்குச் செய்தி அனுப்பினாள். ‘சரி’ என்று பதில் வந்தது. ‘சரிம்மா’கூட இல்லை.

அடுத்த வாரம் வியாழக்கிழமை மத்தியானம் வெல்டர் வந்தார். புதுச் சட்டை, முகத்தில் சிரிப்பு.

“சிஸ்டர், அன்னைக்கு உங்களை வாய்க்கு வந்தபடி பேசிட்டேன், மனசுல வெச்சுக்காதீங்க. நீங்க சொன்ன மாதிரியே கம்பெனிக்கு போன் போட்டேன், ஒரு வாரம் தள்ளிக் குடுத்துட்டாங்க. இன்னைக்குப் பத்து நாள் முடிஞ்சுது, சாயந்திரம் பிளேன். அன்னைக்கே போட்டுக்கிட்டது எவ்வளவு நல்லதாப் போச்சு! வியாழக்கிழமைன்னு விட்டிருந்தா கதை கந்தலாகியிருக்கும்.”

“ஆமா,” என்றாள் சிஸ்டர். “பத்திரமா போயிட்டு வாங்க.”

அவர் போன பிறகு கழிவறைக்குப் போய்க் கதவைத் தாழ் போட்டுக்கொண்டு நின்றாள். சட்டத்தைப் பத்து வார்த்தையில் ஊருக்கெல்லாம் விளக்கியவளுக்கு அது தன் தலைக்குள் மட்டும் ஏறவில்லையே என்று ஆத்திரமாக வந்தது. குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு அழுதாள். வெளியே ஆயா வரிசையை வழக்கத்தைவிடச் சத்தமாக அதட்டிக்கொண்டிருந்தாள்.

வெள்ளிக்கிழமை ஊசி நாள் இல்லை. ஆனாலும் வீட்டில் இருக்க முடியாமல் மையத்துக்கு வந்து பதிவேடுகளுக்கு மேலட்டை ஒட்டிக்கொண்டிருந்தாள். பதினொன்றே காலுக்கு மகளின் பக்கத்து வீட்டுப் பெண் போன் செய்தாள். பெண் குழந்தை. தாயும் சேயும் நலம். மயக்க மருந்து கொடுக்கும்வரை உங்கள் மகள் என் கையை விடவே இல்லை, நகம் பதிந்துவிட்டது என்று சிரித்துக்கொண்டே சொன்னாள். சிஸ்டர் நன்றி சொன்னாள். பிறகு அந்த நகத் தழும்பு தன் கையில் இருந்திருக்க வேண்டியது என்று நினைத்து, பசை டப்பாவைத் தூக்கி எறிந்தாள். அது சுவரில் பட்டு ஆயாவின் காலடியில் விழுந்தது. ஆயா குனிந்து துடைத்தாள்.

ஞாயிற்றுக்கிழமை விமான நிலையத்தில் டிக்கெட் கவுன்ட்டர் பெண், “மஞ்சள் அட்டை இருக்கா?” என்றாள். சிஸ்டர் பையைத் திறந்து எடுக்கும் முன்பே, “இருக்கில்ல, சரி, பெட்டியை வைங்க,” என்று அடுத்த ஆளைப் பார்த்துவிட்டாள். பரவாயில்லை, இறங்கும் இடத்தில் பார்ப்பார்கள் என்று சிஸ்டர் சமாதானம் செய்துகொண்டாள். பயணம் முழுக்க அட்டையை உறையில் போட்டு மடியில் வைத்திருந்தாள். சாப்பாட்டுத் தட்டு வந்தபோதுகூடக் கீழே வைக்கவில்லை.

இறங்கி நடந்தால், குடியேற்ற வரிசைக்கு முன்னால் ‘சுகாதாரச் சோதனை’ என்று மஞ்சள் பலகை. அதன் கீழே ஒரு மேஜை, ஒரு நாற்காலி. நாற்காலியின் முதுகில் ஒரு ஸ்வெட்டர் தொங்கியது. மேஜையில் பாதி குடித்த தண்ணீர் பாட்டில் இருந்தது. ஆள் இல்லை.

எல்லோரும் அதைத் தாண்டி நடந்துகொண்டே இருந்தார்கள். சிஸ்டர் நின்றாள். அட்டையை விரித்து, தேதி தெரியும்படி பிடித்துக்கொண்டு, வெறும் நாற்காலிக்கு எதிரே நின்றாள். பத்து நிமிஷம் ஆயிற்று. ஒரு காவலர் வந்து கையைக் காட்டினார், போ போ என்று. அவள் அட்டையை நீட்டினாள். அவர் அதைப் பார்க்காமல் அவள் தள்ளுவண்டியைப் பார்த்தார், வழியை மறிக்கிறது என்று.

“பாருங்க,” என்றாள் சிஸ்டர், தமிழிலேயே. “தேதியைப் பாருங்க. பத்து நாள் முடிஞ்சிருக்கு. யாராவது ஒருத்தர் பாருங்களேன்!”

காவலருக்கு என்ன புரிந்ததோ, அவளுக்கு வயசாகிவிட்டது, வழி தெரியவில்லை என்று நினைத்திருப்பார். தள்ளுவண்டியைத் தானே பிடித்து, அவளைப் பரிவோடு வரிசையின் முன்னால் கொண்டுபோய் விட்டார். அந்த நாற்காலியை ஒரு உதை விட்டால் என்ன என்று அவளுக்கு வந்தது. திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே போனாள். ஸ்வெட்டர் அப்படியேதான் தொங்கியது. பாஸ்போர்ட்டில் சீல் குத்திய இளைஞன் அட்டையைப் பற்றிக் கேட்கவே இல்லை.

ஆஸ்பத்திரியில் மகள் சாய்ந்து படுத்திருந்தாள். முகம் வெளுத்திருந்தது, உதடு காய்ந்திருந்தது. பக்கத்தில் கண்ணாடித் தொட்டிலில் சிவப்பாக, கை முஷ்டியை மூடிக்கொண்டு குழந்தை. சிஸ்டர் வாசலிலேயே நின்றாள், உள்ளே வரலாமா என்று தெரியாதவள் போல.

“வா,” என்றாள் மகள். “வந்துட்ட இல்ல. உட்காரு.”

உட்கார்ந்தாள். மகளின் கையைப் பிடித்தாள். மகள் இழுத்துக்கொள்ளவில்லை, திருப்பிப் பிடிக்கவும் இல்லை. சலைன் துளித்துளியாக இறங்குவதை இருவரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ரொம்ப நேரம் கழித்து மகள் கேட்டாள்.

“கார்டைப் பார்த்தாங்களா?”

குரலில் குத்தல் இல்லை. ஆனால் அவள் பதிலுக்காகக் காத்திருந்தாள், கண்ணை எடுக்காமல். அந்தப் பதிலை வைத்துத்தான் பயந்துபோய்த் தனியாகக் கிடந்த அந்த வெள்ளிக்கிழமைக்கு ஒரு அர்த்தம் கிடைக்க வேண்டியிருந்தது. மூன்று வருஷத்துக்கு முன்னால் போன பத்து நாளுக்கும் சேர்த்து.

“பார்க்காம?” என்றாள் சிஸ்டர். “மூணு பேர் பார்த்தாங்க. ஒருத்தன் விரல் விட்டு எண்ணிப் பார்த்தான். அட்டை எண்ணைக் கம்ப்யூட்டர்ல போட்டுக்கூடப் பார்த்தாங்க. எனக்கு முன்னால ஒரு அம்மாவைத் தேதி சரியில்லைன்னு அப்படியே திருப்பி அனுப்பிட்டாங்க.”

மகள் மூச்சை நீளமாக விட்டாள். இதுவரை வெறுமனே கிடந்த அவள் விரல்கள் அம்மாவின் கையைச் சுற்றி மெல்ல மூடிக்கொண்டன.

“நல்லவேளைம்மா. நீ அன்னைக்கு எழுதியிருந்தா மாட்டியிருப்ப.”

“ஆமா,” என்றாள் சிஸ்டர். அட்டை இருந்த கைப்பையைக் காலால் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டு, குழந்தையைத் தூக்கிக்கொண்டாள்.